வெறுங்காலோடு ஓடிய அபெபே பிக்கிலா



சித்திரை வருசப்பிறப்பு எண்டவுடன எனக்கு ஞாபகம் வாறது பலகாரமோ கைவிசேடமோ இல்லை, மரதன் ஓட்டம் தான். ஊரில சனசமூக நிலையம் நடத்துற விளையாட்டு விழா விடியவெள்ளன மரதனோட தான் தொடங்கும். சந்திக்குச் சந்தி வாளியில தண்ணியோட சனம் நிக்கும். முதலாவதா வாறவனுக்குப் பின்னால பத்துச் சைக்கிளாவது கத்திக்கொண்டு வரும். ஓடுற பெடியளில பாதிப்பேருக்குக் காலில ஒண்டும் இராது. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியிலயும் அப்பிடித்தான். சப்பாத்து இல்லை எண்டு முனகிற பெடியளுக்குச் சொல்ல எங்கட விளையாட்டு வாத்தியார் ஒரு கதை வைச்சிருந்தவர். ஆபிரிக்காவில ஒரு ஏழை, சப்பாத்து வாங்கக் காசில்லாமல் வெறுங்காலோட ஓடி ஒலிம்பிக்கில தங்கம் எடுத்தவன், உங்களுக்கு இந்த ஐஞ்சு மைல் ஓட ஏலாதோ எண்டு கேட்பார். எங்களுக்கும் ரோசம் வந்திடும். ஓடுவம்.

அந்த ஏழையின் பெயரை வாத்தியார் சொன்னவரோ, நான் தான் மறந்துபோனேனோ தெரியாது. கன வருசம் கழிச்சு, இங்கே நோர்வேயில் நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில்தான் அந்தப் பெயரை அறிந்துகொண்டேன். என்னோடு ஒரே வரிசையில் நின்று மீன் வெட்டுகிற எதியோப்பிய நண்பர் ஒருவர், 2024 செப்ரெம்பர் 11ஆம் திகதி, சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கோப்பியும் சோளப்பொரியும் கொண்டுவந்து தந்தார். என்ன விசேசம் என்று கேட்டேன். அன்று தங்களுக்கு வருசப்பிறப்பு, 2017ஆம் ஆண்டு பிறந்திருக்கிறது என்றார். முதலில் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் உண்மை. எதியோப்பியர்களுக்கு எங்களைப் போலச் சொந்த நாட்காட்டி இருக்கிறது. முப்பது நாட்கள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள், கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாட்களோடு ஒரு சின்னப் பதின்மூன்றாம் மாதம். சொந்த எழுத்தும் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் உலகத்துக்கு ஏழு எட்டு வருசம் பின்னால் நிற்கிறார்கள், அதைப் பற்றி ஒருவரும் வெட்கப்படுவதில்லை.

பேச்சோடு பேச்சாக வாத்தியாரின் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு கொஞ்சம் கோபித்தும் கொண்டார். தங்கட வீரனை உலகம் முழுக்கக் காலாலேயே ஞாபகம் வைத்திருக்கிறது, அந்தக் கதையில் பாதி பிழை என்றார். அதற்குப் பிறகு நானாகத் தேடி வாசித்ததைத்தான் எங்கள் சங்கத்தின் புத்தாண்டு மலருக்கு எழுதுகிறேன்.

பிறப்பும் இடப்பெயர்வும்

அபெபே பிக்கிலா 1932ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆம் திகதி, எதியோப்பியாவின் ஷோவா மாகாணத்தில் யாட்டோ என்ற மலைக் கிராமத்தில் ஒரு ஒறோமோக் குடும்பத்தில் பிறந்தார். அபெபே என்பது அவருடைய பெயர். அம்ஹாரிக் மொழியில் பூத்தான், மலர்ந்தான் என்று பொருள். பிக்கிலா என்பது தகப்பனின் பெயர். எதியோப்பியர்களுக்கும் எங்களைப் போலக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயர்தான் பின்னால் வரும். அதனால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் அவரைப் பிக்கிலா, பிக்கிலா என்று தகப்பன் பெயராலேயே எழுதின. வந்திறங்கிய நாளில் கொடுத்த படிவத்தில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று தெரியாமல் முழிசியவர்களுக்கும், இன்றுவரை வைத்தியசாலையில் அப்பாவின் பெயரால் கூப்பிடப்படுபவர்களுக்கும் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்தக் கட்டுரையில் அவரை அபெபே என்றே எழுதுகிறேன்.

அபெபேக்கு மூன்று வயதாக இருக்கும்போது, 1935 ஒக்ரோபரில், முசோலினியின் இத்தாலியப் படைகள் எதியோப்பியாவுக்குள் புகுந்தன. 1896இல் அட்வா என்ற இடத்தில் எதியோப்பியர்களிடம் தோற்றுப் போன அவமானம் இத்தாலிக்கு நாற்பது வருசமாக மாறவில்லை. இந்த முறை விமானங்களோடும் நச்சுவாயுவோடும் வந்தார்கள். 1936 மே 5ஆம் திகதி தலைநகரம் அடிஸ் அபாபா விழுந்தது. பேரரசர் ஹைலே செலாசி நாட்டைவிட்டு வெளியேறி, ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று நீதி கேட்டார். பெரிய நாடுகள் கேட்டுக்கொண்டிருந்தன, ஒன்றும் செய்யவில்லை. அவர் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் சில வருசம் தஞ்சமடைந்து வாழ்ந்தார். அரசனே அகதி என்றால் குடிமக்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா? அபெபேயின் குடும்பமும் யாட்டோவை விட்டு கோறோ என்ற ஒதுக்குப்புறமான ஊருக்கு இடம்பெயர்ந்தது. ஊர் திரும்பி மறுபடி தோட்டம் செய்யக் கொஞ்சக் காலம் எடுத்தது. 1941இல் இத்தாலியர் துரத்தப்பட்டு, தலைநகரம் விழுந்த அதே மே 5ஆம் திகதி பேரரசர் திரும்பி வந்தார்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போகிற ஓட்டம் எந்த நகரத்தில் நடந்தது என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

காவற்படைச் சிப்பாய்

சின்ன வயதில் அபெபே விளையாடியது கெனா என்ற விளையாட்டு. ஹொக்கி மாதிரி வளைந்த தடியால் பந்தடிப்பது. நத்தார் காலத்தில் எதியோப்பியக் கிராமங்களில் இன்றும் ஆடுவார்கள். அந்த நாளில் ஒரு கோலுக்கும் மற்றக் கோலுக்கும் இடையில் சில வேளை கிலோமீட்டர் கணக்கில் தூரம் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து எட்டாயிரம் அடிக்கு மேற்பட்ட மலையில் இப்படி ஓடி வளர்ந்த பிள்ளையின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இருபது வயதளவில் அடிஸ் அபாபாவுக்கு வந்து பேரரசரின் காவற்படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். சுலுல்தா மலைப்பக்கத்திலிருந்து நகரத்துக்கும் திரும்பவும் நாளாந்தம் இருபது கிலோமீட்டர் ஓடுவார். சுவீடன் நாட்டிலிருந்து வந்து அங்கே விளையாட்டுப் பயிற்சியாளராக இருந்த ஒன்னி நிஸ்கனன் என்பவரின் கண்ணில் பட்டார். ஓட்டம் என்றால் காலால் மட்டும் ஓடுவதில்லை, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதை நிஸ்கனன் அவருக்குப் பழக்கினார். எந்த மைலில் அடக்கி ஓடுவது, எங்கே விடுவது, மூச்சை எப்படி வைத்திருப்பது என்று வருசக்கணக்கில் பயிற்சி நடந்தது. சப்பாத்தோடும் ஓடினார், சப்பாத்தில்லாமலும் ஓடினார்.

1960இல் அடிஸ் அபாபாவில் நடந்த தெரிவுப் போட்டியில் 2 மணி 21 நிமிடம் 23 வினாடியில் மரதனை முடித்தார். அதுவரை ஒலிம்பிக் சாதனையாக இருந்த எமில் சட்டோபெக்கின் நேரத்தை விட இது குறைவு. அதுவும் காற்றுக் குறைந்த மலை நகரத்தில். ஆனால் வெளியுலகம் அதை நம்பவில்லை, கவனிக்கவும் இல்லை. எதியோப்பியா ஒலிம்பிக்குக்கு முதன்முதலாகப் போனதே 1956இல் தான். ரோம் அவர்களுக்கு இரண்டாவது ஒலிம்பிக்.

ரோம் நகரத்து இரவு

ஆம், ரோம். அபெபேயின் குடும்பத்தை ஊர்விட்டு ஓடவைத்த படைகளுக்குக் கட்டளை போன அதே நகரம்.

இங்கே ஒரு கல்லின் கதையையும் சொல்ல வேண்டும். எதியோப்பியாவின் வடக்கில் அக்சும் என்று ஒரு பழைய நகரம். ஆயிரத்து எழுநூறு வருசங்களுக்கு முன் அங்கே பெரிய அரசு இருந்தது. அரசர்களின் கல்லறைகளுக்கு அடையாளமாக ஒற்றைக் கல்லில் செதுக்கிய உயர்ந்த தூண்களை நட்டார்கள். யன்னல், கதவு எல்லாம் வைத்த மாடிவீடு மாதிரி வேலைப்பாடு. அதில் விழுந்து உடைந்து கிடந்த ஒரு தூணை 1937இல் இத்தாலியர் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். உயரம் ஏறத்தாழ 24 மீற்றர், நிறை 160 தொன் அளவில். ரோமில் தங்கள் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சின் முன்னால் வெற்றிச் சின்னமாக அதை நிறுத்தினார்கள். போருக்குப் பிறகு, 1947 சமாதான உடன்படிக்கையில் கொள்ளையடித்ததைத் திருப்பித் தருவதாக இத்தாலி கையெழுத்து வைத்தது. ஆனால் 1960இலும் தூண் ரோமில்தான் நின்றது. அந்த ஒலிம்பிக் மரதனின் பாதை அந்தத் தூண் நின்ற சதுக்கத்தைத் தாண்டிப் போனது, ஒரு தடவை அல்ல, போகும்போதும் வரும்போதுமாக இரண்டு தடவை.

இனிச் சப்பாத்து விசயத்துக்கு வருவோம். அபெபே ரோமில் புதுச் சப்பாத்து வாங்கினார். அது காலுக்குச் சரிவரவில்லை, கொப்புளம் போட்டது. 42 கிலோமீட்டர் ஓடப் போகிறவனுக்குக் கொப்புளம் என்றால் என்ன என்று ஓடினவர்களுக்குத் தெரியும். வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால் தன்னுடைய கால் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவதென்று தீர்மானித்தார். இல்லாமையால் வந்த வெறுங்கால் அல்ல அது, யோசித்து எடுத்த முடிவு. எங்கள் வாத்தியார் சொன்ன கதையில் பிழைத்துப் போன பாதி இதுதான்.

1960 செப்ரெம்பர் 10ஆம் திகதி, வெய்யில் தணியட்டும் என்று பின்னேரம் ஐந்தரை மணியளவில் காப்பிட்டோலின் குன்றடியில் ஓட்டம் தொடங்கியது. 69 பேர் ஓடினார்கள். பதினோராம் இலக்கத்தோடு வெறுங்காலில் நின்ற மெலிந்த கறுப்பு மனிதனைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். மொரோக்கோ நாட்டு ராதி என்பவர்தான் கெட்டிக்காரன், அவருடைய இலக்கம் 26, அவரைக் கவனி என்று நிஸ்கனன் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ராதி அன்று அணிந்து வந்தது 185. பாதித் தூரத்துக்குள் முன்னால் ஓடியவர்கள் இரண்டே பேர், அபெபேயும் அந்த 185உம். அபெபே 26ஐத் தேடிக்கொண்டே ஓடினார். தேடின ஆள் தன் தோளுக்குப் பக்கத்திலேயே வருகிறார் என்று அவருக்குத் தெரியாது.

இருட்டிவிட்டது. பழைய அப்பியன் வீதியில் இத்தாலியச் சிப்பாய்கள் தீப்பந்தம் பிடித்து வழி காட்டினார்கள். இருபத்தைந்து வருசத்துக்கு முன் எதியோப்பியாவுக்குள் ஆயுதத்தோடு நுழைந்த நாட்டின் சிப்பாய்கள், இப்போது ஒரு எதியோப்பியச் சிப்பாயின் காலடிக்கு வெளிச்சம் பிடித்து நின்றார்கள். இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அக்சும் தூணை இரண்டாந்தரம் தாண்டிய பிறகு, முடிவுக்குக் கிட்ட, அபெபே வேகத்தைக் கூட்டினார். ராதியால் கூட ஓட முடியவில்லை. கொன்ஸ்ரன்ரைன் வளைவின் கீழே, 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடியில் அபெபே தனியாக வந்து முடித்தார். ராதி 25 வினாடி பிந்தி வந்தார். உலகத்தில் அதுவரை எவரும் அவ்வளவு விரைவாக மரதன் ஓடியதில்லை, பழைய சாதனை ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் உடைந்தது. கறுப்பு ஆபிரிக்காவில் பிறந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் மனிதர் அவர்தான். அந்த 1960ஆம் ஆண்டில் மட்டும் ஆபிரிக்காவில் 17 நாடுகள் சுதந்திரம் பெற்றன.

இதில் நான் எந்தப் புத்தகத்திலும் காணாமல், நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்த விசயம் ஒன்று உண்டு. எதியோப்பியர்களின் அந்த வருசப்பிறப்பு 1960 செப்ரெம்பர் 11இல் வந்தது. அப்படியென்றால் அபெபே ஓடியது பழைய வருசத்தின் கடைசி நாள் பின்னேரம். அடுத்த நாள் விடிய அந்தச் சனங்களுக்குப் புதுவருசம். மழைக்காலம் முடிந்து அந்த நாட்களில் மலைகள் எல்லாம் மஞ்சள் பூப் பூக்கும். அதை அவர்கள் அடே அபெபா என்பார்கள். சிறு பெண்பிள்ளைகள் அந்தப் பூவோடு வீடு வீடாகப் பாடிப் போவார்கள். மலர்ந்தான் என்று பெயர் கொண்டவன் வென்ற செய்தி, மலர் பூக்கும் திருநாளில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் இதைச் சொன்னபோது எதியோப்பிய நண்பர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துத் தாயாருக்குச் சொன்னார்.

இரண்டாவது தங்கம்

நாட்டில் பெரிய வரவேற்பு. பேரரசர் பதக்கம் அணிவித்துப் பதவி உயர்வும் கொடுத்தார். ஆனால் புகழ் வந்த வீட்டுக்குள் கஷ்டமும் வரும். அதே வருசம் டிசெம்பரில் காவற்படைத் தளபதி பேரரசருக்கு எதிராகச் சதிப்புரட்சி செய்து தோற்றுப்போனார். அபெபேக்கு அதில் பங்கில்லை, ஆனாலும் காவற்படைச் சிப்பாய் என்பதால் கொஞ்ச நாள் தடுத்து வைக்கப்பட்டுப் பிறகு விடப்பட்டார்.

1961இல் ஏதென்சிலும் ஒசாக்காவிலும் கொசீசேயிலும் வென்றார். 1963இல் பொஸ்ரன் மரதனில் ஐந்தாவதாக வந்தார். இவர் முடிந்துபோனார் என்று எழுதினவர்களும் உண்டு.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக். போட்டிக்கு ஐந்து கிழமைக்கு முன் அப்பெண்டிக்ஸ் என்று வயிற்றில் ஒப்பரேசன். எங்களுக்கென்றால் அந்தக் காலத்தில் டொக்டர் பாரம் தூக்காதே என்று துண்டு எழுதித் தருவார். அபெபே ஒக்ரோபர் 21ஆம் திகதி கோட்டில் வந்து நின்றார். இந்த முறை காலில் சப்பாத்து, வெள்ளைக் காலுறை. பாதிக்கு முன்னமே எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாக ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11.2 வினாடி, மீண்டும் உலக சாதனை. இரண்டாவது ஆள் நான்கு நிமிடத்துக்கு மேல் பிந்தித்தான் வந்தார். அதற்கிடையில் அபெபே மைதானத்தின் நடுவில் புல்லில் படுத்துக் காலைத் தூக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். களைத்து விழுகிறவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய சனம் வாயைப் பிளந்தது. ஒலிம்பிக் மரதனை இரண்டு முறை வென்ற முதல் மனிதர் அபெபே. வெறுங்காலோடும் உலக சாதனை, சப்பாத்தோடும் உலக சாதனை என்றால், விசயம் காலில் இல்லை என்பது தெளிவு.

பேரரசர் அவரை அதிகாரியாக உயர்த்தி, வீடும் ஒரு போக்ஸ்வேகன் காரும் கொடுத்தார்.

1968இல் மெக்சிக்கோவில் காலெலும்பில் வெடிப்போடு ஓடத் தொடங்கி, 17 கிலோமீட்டரளவில் நிறுத்த வேண்டியதாகப் போய்விட்டது. ஆனால் தங்கம் எதியோப்பியாவை விட்டுப் போகவில்லை. அவருடைய படைத் தோழன் மாமோ வோல்டே வென்றார். அபெபே தன் வாழ்நாளில் ஓடிய மரதன்கள் பதினாறு, வென்றவை பன்னிரண்டு.

கால்கள் போன பிறகு

1969 மார்ச் 22ஆம் திகதி இரவு, அடிஸ் அபாபாவுக்கு வெளியே அவருடைய போக்ஸ்வேகன் கார் தடம்புரண்டு கவிழ்ந்தது. அடுத்த நாள் காலைதான் அவரை வெளியே எடுத்தார்கள். முள்ளந்தண்டு சேதம். உலகத்தின் மிகப் பெரிய ஓட்டக்காரனுக்கு இனி நடக்கவே முடியாது. அப்போது அவருக்கு வயது 36.

இங்கிலாந்தில் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முள்ளந்தண்டுப் பிரிவை 1944இல் தொடங்கியவர் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி வந்த யூத அகதி. நடக்க முடியாதவர்களைக் கட்டிலில் கிடத்திச் சாக விடாமல், கதிரையில் இருத்தி, கையில் வில்லையும் பந்தையும் கொடுத்து விளையாட வைத்தவர். 1948இல் அந்த வைத்தியசாலைப் புல்வெளியில் அவர் தொடங்கிய போட்டிதான் வளர்ந்து இன்று பராலிம்பிக் ஆக நிற்கிறது. அதன் முதலாவது போட்டி எங்கே நடந்தது தெரியுமா? 1960 செப்ரெம்பர் 18இல், ரோமில். அபெபே ஓடி முடித்த எட்டாம் நாள், அதே நகரத்தில், சக்கர நாற்காலிகள் வந்து இறங்கின. தனக்கும் அந்தப் போட்டிகளுக்கும் ஒரு நாள் சம்பந்தம் வரும் என்று அவர் அன்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

ஆரம்பத்தில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. எட்டு மாத வைத்தியத்தில் கைகள் திரும்ப வந்தன. கைகள் வந்தவுடன் அபெபே செய்தது என்ன? வில்லை எடுத்தார். 1970இல் ஸ்ரோக் மண்டவில் போட்டிகளில் வில்வித்தையிலும் மேசைப்பந்திலும் கலந்துகொண்டார். 1971 ஏப்ரலில் நாங்கள் வாழ்கிற இந்த நோர்வேக்கே வந்தார். மாற்றுவலுவுள்ளோர் விளையாட்டுக்கு விருந்தாளியாக அழைக்கப்பட்டவர், சும்மா இருந்து கைதட்டாமல் போட்டியில் இறங்கினார். பனியில் சறுக்கும் வண்டியில் 25 கிலோமீட்டர் ஓட்டம். பனியே பெய்யாத ஊரில் வளர்ந்தவர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர், இந்தக் குளிரில் அந்தப் போட்டியை வென்றார்.

இந்த நாட்டுக்கு வந்து முதல் மாரியில் பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கவே வழுக்கி விழுந்து அழுதவன் நான். இதை அன்று அறிந்திருந்தால் அழாமல் இருந்திருப்பேன் என்று சொல்லமாட்டேன். எழும்பி நடக்கும்போது நினைத்துக்கொள்ள ஒரு ஆளாவது இருந்திருப்பார்.

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் கௌரவ விருந்தினராகச் சக்கர நாற்காலியில் இருந்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வருசம், 1973 ஒக்ரோபர் 25இல், விபத்தின் பின்விளைவாக மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுக் காலமானார். வயது 41. மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுப் போனார். நாடு முழுவதும் துக்கதினம். பேரரசரும் பல்லாயிரம் சனங்களும் கூடி நிற்க, அடிஸ் அபாபாவின் சென்ற் ஜோசப் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பின்

அவருக்கு அடுத்த வருசமே, 1974இல், பேரரசர் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார். பிறகு இராணுவ ஆட்சி, கொலைகள், 1984இல் உலகமே பார்த்த பஞ்சம். 2020இல் வடக்கில் திரும்பவும் யுத்தம். தங்கப் பதக்கம் ஒரு நாட்டைக் காப்பாற்றாது. என்னோடு மீன் வெட்டுகிற நண்பரும் என்னைப் போல அகதியாக வந்தவர்தான்.

ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. 1980இல் மிருற்ஸ் யிப்ரர், 1992இல் டெராட்டு துலு என்ற இளம்பெண், 1996இலும் 2000இலும் ஹைலே கெப்ரசெலாசி, 2024இல் பாரிஸ் மரதனை வென்ற தமிராட் தோலா என்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2010இல் ரோம் நகர மரதனில் வென்ற சிராஜ் கெனா என்ற எதியோப்பிய இளைஞன், முடிவுக்குச் சில நூறு மீற்றர் இருக்கும்போது நின்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடி முடித்தான். ஐம்பது வருசம் கழிந்தும் மறக்கவில்லை என்று ரோமுக்குச் சொல்லத்தான்.

அந்தத் தூணும் வீடு போய்ச் சேர்ந்தது. கையெழுத்து வைத்து 58 வருசம் கழித்து, 2005 ஏப்ரலில், மூன்று துண்டாக விமானத்தில் அக்சுமுக்கு வந்தது. 2008இல் பழைய இடத்தில் நிமிர்த்தினார்கள். அதைப் பார்க்க அபெபே இல்லை. அவர் ஓடியபோது அந்தக் கல் அந்நிய மண்ணில் நின்று அவரைப் பார்த்தது, அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு

எங்கள் வாத்தியாரை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கதையால்தான் நாங்கள் ஓடினோம். ஆனால் அபெபேயை வெறுங்கால் ஏழை என்று மட்டும் ஞாபகம் வைத்திருந்தால், அவர் பட்ட பயிற்சியும், போட்ட கணக்கும், எடுத்த முடிவும், கால் போன பிறகு காட்டிய நெஞ்சுரமும் எல்லாம் மறைந்து போகின்றன. பாவம் என்று பார்க்கிற கண்ணுக்குப் பாதி ஆள்தான் தெரியும். எங்களையும் இங்கே அப்படிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். யுத்தத்தில் இருந்து வந்த பாவங்கள் என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நாங்கள் என்ன படித்தோம், எதைச் செய்ய வல்லவர்கள், எதை நினைத்துக்கொண்டு மெசினுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. சில வேளைகளில் நாங்களே எங்களை அப்படிப் பார்த்துவிடுகிறோம். அதுதான் எனக்குப் பயம்.

இந்தப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் எங்கள் பிள்ளைகள் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஓடட்டும், அதற்காகத்தானே நாங்கள் வேலை செய்கிறோம். ஓடி முடித்து வந்து மூச்சு வாங்குகிறபோது, தண்ணிப் போத்தலைக் கொடுத்துப் பக்கத்தில் இருத்தி அபெபேயின் கதையைச் சொல்லுங்கள். முழுக் கதையையும் சொல்லுங்கள்.